எபிரேயமும் ஃபிலிப்பினோவும்: ஒப்பிட்டுப் பார்த்துத் தொடங்க ஒரு வழிகாட்டி

எபிரேயத்தையும் ஃபிலிப்பினோவையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஒன்று மத்தியதரைக் கடலோரத்து மொழி, இன்னொன்று பசிபிக் ஓரத்துத் தீவுகளின் மொழி. குடும்பம் வேறு, எழுத்து வேறு, வாக்கியம் கட்டும் முறையும் வேறு. ஆனாலும் டெல் அவீவ், ஹைஃபா பக்கம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இரண்டும் தினமும் சந்திக்கின்றன. முதியோரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு பிலிப்பைன்ஸிலிருந்து பல்லாயிரம் பேர் இஸ்ரேலுக்குப் போயிருக்கிறார்கள். அதே வேலைக்குக் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறார்கள். துபாயிலோ ரியாத்திலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் தமிழருக்கு ஃபிலிப்பினோ பேசும் சக ஊழியர் ஒருவராவது இருப்பார்.

வேலைக்காக இல்லாமல் வெறும் ஆர்வத்தால் பார்ப்பவருக்கும் இந்த ஜோடி நல்ல ஜோடிதான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவருக்கு எந்த மொழி எவ்வளவு காலம் பிடிக்கும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் எபிரேயமும், ஃபிலிப்பினோவுக்கு அடிப்படையான டகாலோகும் ஒரே வகுப்பில் வருகின்றன: 44 வாரம், சுமார் 1100 மணி நேரம். தமிழும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஆங்கிலக்காரருக்கு உரியது. தமிழோடு வருபவருக்குச் சில கதவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன, சில கதவுகள் கூடுதலாகவே இறுகியிருக்கின்றன. எது எது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இரண்டையும் ஒரே நேரத்தில் பேசக் கற்றுக்கொள்ள முயலாதீர்கள். இரண்டு மூன்று வாரம் அருகருகே வைத்துப் பாருங்கள், அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வாரங்களுக்கானவை.

முதல் படி: எந்த எபிரேயம், எந்த ஃபிலிப்பினோ?

புத்தகமோ செயலியோ தேடும்போதே குழப்பம் வரும். எபிரேயத்தில் 'விவிலிய எபிரேயம்' ஒரு பாடம், 'நவீன எபிரேயம்' இன்னொரு பாடம். பேச வேண்டும் என்றால் இரண்டாவதை எடுங்கள். பல நூற்றாண்டுகளாக எபிரேயம் வழிபாட்டிலும் நூல்களிலும் கடிதங்களிலும் வாழ்ந்தது. ஆனால் அதைத் தாய்மொழியாகப் பேசி வளரும் குழந்தை இல்லை. 1881-இல் எருசலேமுக்கு வந்த எலியேசர் பென் யெகூதா, வீட்டில் எபிரேயம் மட்டுமே பேசுவது என்று பிடிவாதமாக நின்றார். 1882-இல் பிறந்த அவருடைய மகன் அப்படி வளர்ந்த முதல் பிள்ளை என்று சொல்லப்படுகிறான். 1922-இல் பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் ஆட்சி ஆங்கிலம், அரபியோடு எபிரேயத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. புதுச்சொற்களை முடிவுசெய்யும் எபிரேய மொழிக் கழகம் 1953-இல் அமைந்தது.

ஃபிலிப்பினோவின் கதையும் ஒருவகையில் 'முடிவெடுத்து உருவாக்கிய' கதைதான். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்று, 1937 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் மனுவேல் கேசோன் டகாலோகை அதற்கு அடிப்படையாக அறிவித்தார். 1959-இல் அதற்குப் 'பிலிப்பினோ' என்று பெயர் வைத்தார்கள். 1987 அரசியலமைப்பில் அது முதலெழுத்து மாறி 'ஃபிலிப்பினோ' ஆனது. உங்களுக்குத் தேவையான விஷயம் இதுதான்: பாடநூல்களில் பெரும்பாலானவை இன்னும் டகாலோக் என்ற பெயரில்தான் கிடைக்கும். தொடங்குபவருக்கு இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கையில் ஏற்கெனவே இருப்பதை எண்ணுங்கள்

நீங்கள் யார் என்பதைப் பொறுத்து இது மாறும். சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றவர் என்றால், வலமிருந்து இடமாக வாசிப்பதும், மெய்யெழுத்துகளுக்கு மேலும் கீழும் உயிர்க்குறி போடுவதும் உங்களுக்குப் புதிதில்லை. வீட்டில் புழங்கும் 'கிதாபு', 'மக்தப்' ஆகிய சொற்களின் வேர்தான் எபிரேயத்தில் எழுதுவதற்கும் வேர். தேவாலயத்துக்குப் போகிறவர் என்றால் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா எல்லாம் எபிரேயம். தமிழ் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்தால் ஆலெப், பேத், கிமெல் என்று எட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பு வரும். 22 தலைப்பும் எபிரேய எழுத்துகளின் பெயர்கள், அகரவரிசையில். உச்சரிப்பு இன்றைய இஸ்ரேல் உச்சரிப்போடு அப்படியே ஒத்துவராது. வரிசையைப் பழக அது போதும்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் என்றால் ஃபிலிப்பினோவில் பாதி வழி கடந்தாயிற்று. அனாக் என்றால் பிள்ளை, லாங்கித் என்றால் வானம், கம்பிங் என்றால் ஆடு, லிமா என்றால் ஐந்து. எல்லாம் மலாயில் கேட்டவைதான். தமிழ்நாட்டில் இருப்பவருக்கும் ஒன்றுமில்லை என்று இல்லை. முஃகா (முகம்), கூரோ (ஆசிரியர்), திவாத்தா (தேவதை போன்ற ஆவி) ஆகியவை சமஸ்கிருதத்திலிருந்து கடல் வழியாக வந்து சேர்ந்தவை. மாம்பழத்துக்கு மங்கா என்கிறார்கள். நம் மாங்காய்தான் மலாய் வழியாக அங்கே போயிருக்கிறது.

எபிரேயத்தில் தமிழ் தேடுபவர்கள் வழக்கமாகக் காட்டுவது சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில். 1 இராஜாக்கள் 10:22-இல் வரும் 'துக்கி' என்ற சொல் தமிழ்த் 'தோகை'யிலிருந்து போனது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் இன்றைக்கு டெல் அவீவில் போய் 'துக்கி' என்றால் கிளியைக் காட்டுவார்கள். இன்றைய எபிரேயத்தில் அதுதான் பொருள்.

இரண்டு மொழிகளும் தங்களுக்குள் உறவே இல்லாதவை என்றேன். ஒரு நூலிழை உண்டு. எபிரேய 'ஷலோம்', அரபி 'சலாம்' இரண்டும் ஒரே செமித்திய வேர். அந்த அரபிச் சொல்லின் குடும்பம் மலாயில் 'செலாமத்' ஆகி, தீவுகளுக்குள் போய் 'சலாமத்' ஆனது. ஃபிலிப்பினோவில் அதற்கு நன்றி என்று பொருள். நீதிபதியைக் குறிக்கும் 'ஹுகோம்' கூட அரபியிலிருந்து வந்ததுதான்.

மூன்றாம் படி: எழுத்தைத் தொடும் முன் காது

ஒரு வாரம் கேளுங்கள். வானொலி, பாட்டு, குழந்தைகள் நிகழ்ச்சி, எதுவானாலும் சரி. புரிய வேண்டியதில்லை.

எபிரேயத்தில் தமிழ்க் காதுக்குப் புதிய ஒலி முக்கியமாகத் தொண்டையின் அடியில் உரசி வரும் ககரம். இந்தக் கட்டுரையில் அதை 'ஃக' என்று எழுதுகிறேன், கிட்டத்தட்டத்தான் சரி. ரகரமும் பெரும்பாலோர் வாயில் அதே இடத்திலிருந்து வரும், நுனி நாக்கில் வராது. மற்றபடி ஸ, ஷ, ஃப போன்றவை நமக்குப் பழக்கமான இரவல் ஒலிகளே.

ஃபிலிப்பினோவில் ஒலிகள் எளிது. ஆங்கிலக்காரர் திணறுகிற இடம் ஒன்று நமக்கு இனாம்: சொல்லின் முதலில் வரும் ஙகரம். ஙயோன் (இப்போது), ஙிப்பின் (பல்), ஙித்தி (புன்னகை). அரிச்சுவடியில் படித்துவிட்டு 'இதை எங்கே பயன்படுத்துவது' என்று விட்டுவைத்த ங, ஙா, ஙி வரிசைக்கு இங்கே வேலை கிடைக்கும்.

நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்து ப-வுக்கும் அதன் ஒலிப்புடைய இணைக்கும் (ஆங்கில p, b) ஒரே எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. க, ட, த, ச எல்லாவற்றுக்கும் அப்படியே. அதனால் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். ஃபிலிப்பினோவில் குழந்தைக்கும் பன்றிக்கால் வறுவலுக்கும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம்தான் வரும், 'பாத்தா'. முக்கியமாக முதலெழுத்தின் ஒலிப்புதான் வேறு. விருந்துக்குப் போன இடத்தில் இது விளையாட்டில்லை! ஃபிலிப்பினோவை ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். எபிரேயத்துக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எபிரேய எழுத்துக்கு மாறுங்கள். இங்கே நான் தமிழில் தருவது அடையாளத்துக்கு மட்டுமே.

நான்காம் படி: எழுத்து சொல்லாததைக் கண்டுபிடியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒப்பீடு எளிது. ஃபிலிப்பினோ ரோமன் எழுத்தில், 28 எழுத்துகளில் எழுதப்படுகிறது. ஒரு பிற்பகலில் வாசிக்கத் தொடங்கிவிடலாம். இரண்டே சொற்களை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள்: என், ஜி என்று இரண்டே எழுத்தில் எழுதப்படுவதை 'நங்' என்றும், எம், ஜி, ஏ என்று எழுதப்படும் பன்மைச் சொல்லை 'மஙா' என்றும் வாசிக்க வேண்டும். எபிரேயத்துக்கு 22 எழுத்து, எல்லாம் மெய், வலமிருந்து இடம். ஐந்து எழுத்துகள் சொல்லின் இறுதியில் வடிவம் மாறும். பேத்தும் கஃபும், தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஃகேத்தும் அச்சில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அச்செழுத்து ஒன்று, கையெழுத்து வேறொன்று. தினமும் நான்கு எழுத்து என்று போனால் ஒரு வாரத்தில் அச்செழுத்து வந்துவிடும். கையெழுத்து வடிவத்தை அதற்கடுத்த வாரமே பழகுங்கள். ஆசிரியர்கள் பலகையில் எழுதுவது அதுதான்.

சரி, எழுத்து தெரிந்துவிட்டது. வாசிக்க முடிகிறதா? இங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது.

எபிரேய நாளிதழைத் திறந்தால் உயிர்க்குறிகள் இருக்காது. வேதத்தின் வாசிப்பைப் பாதுகாத்த திபேரியா நகரத்து மசோரெத்து அறிஞர்கள் முதல் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் அமைத்த புள்ளிகளும் கோடுகளும் இன்று குழந்தைகள் புத்தகம், கவிதை, வழிபாட்டு நூல் ஆகியவற்றில்தான் வரும். மற்ற இடங்களில் வாவ், யோத் போன்ற சில எழுத்துகள் ஓரளவு உயிர் வேலை பார்க்கும், மீதியை வாசிப்பவரே நிரப்ப வேண்டும். சாமெஃக், பே, ரேஷ் என்று மூன்றெழுத்து நிற்கிறது என்று வையுங்கள். 'சேஃபெர்' என்றால் புத்தகம். 'சப்பார்' என்றால் முடிதிருத்துபவர். 'சஃபார்' என்றால் எண்ணினான். 'நான் படிக்கிறேன்' என்பதற்குப் பின்னால் வந்தால் புத்தகம். 'போய் முடி வெட்டிக்கொண்டேன்' என்ற பேச்சில் வந்தால் மற்றது.

ஃபிலிப்பினோவில் எல்லாம் எழுத்தில் இருக்கிறது என்று நினைத்தால் அங்கும் ஒரு பள்ளம். சொல்லில் எந்த அசை நீள வேண்டும், கடைசியில் தொண்டை அடைபட வேண்டுமா என்பதை எழுத்து காட்டுவதில்லை. 'பூகாஸ்' என்று முன்னசையை நீட்டினால் நாளை. 'புகாஸ்' என்று பின்னசையை அழுத்தினால் திறந்திருக்கிறது. கடைப் பலகையில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். 'நாளை திறந்திருப்போம்' என்று எழுதினால் அதே சொல் இரண்டு முறை வரும்! 'காபி' என்று முதலசை நீண்டால் சேப்பங்கிழங்கு, 'கபீ' என்று போனால் இரவு. இலக்கணக்காரர்கள் இந்த அழுத்தங்களை நான்கு வகையாகப் பிரித்து, மலூமாய், மபிலிஸ், மலூமி, மராக்சா என்று பெயரும் குறிகளும் வைத்திருக்கிறார்கள். அகராதியில் குறி இருக்கும், செய்தித்தாளில் இருக்காது.

ஆக, எபிரேயம் உயிரை மறைக்கிறது, ஃபிலிப்பினோ அழுத்தத்தை மறைக்கிறது. இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான்: புதுச்சொல் எதையும் எழுத்து வடிவத்தில் மட்டும் சேர்த்துவைக்காதீர்கள். எபிரேயச் சொல்லை உயிர்க்குறியோடும், ஃபிலிப்பினோ சொல்லை அழுத்தக்குறியோடும், இரண்டையும் ஒலிப்பதிவோடும் சேர்த்து வையுங்கள். தொடக்கத்தில் இது சோம்பலாக இருக்கும். இதைச் செய்யாதவர்கள் ஆறு மாதம் கழித்து எல்லாச் சொல்லையும் மறுபடி படிக்கிறார்கள்.

தமிழருக்கு இது அந்நியமான நிலைமை இல்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடும் வீரமாமுனிவர் காலம் வரை இன்றைய மாதிரி எழுத்தில் தெரியாது. நம் முன்னோர் இடம் பார்த்து நிரப்பித்தான் வாசித்தார்கள்.

அப்புறம் ஒரு சுவாரசியம். ரோமன் எழுத்து வருவதற்கு முன் டகாலோகுக்குச் சொந்தமாகப் 'பைபாயின்' என்ற எழுத்து இருந்தது. 17 எழுத்து: மூன்று உயிர், பதினான்கு மெய்; ஒவ்வொரு மெய்யிலும் அகரம் கலந்தே இருக்கும். பிராமி வழி வந்த எழுத்து என்பதால் நம் எழுத்துக்கும் தூரத்து உறவு. 1593-இல் மணிலாவில் அச்சான கிறித்தவ மறைநூல் ஒன்றில் ரோமன் எழுத்தும் பைபாயினும் சேர்ந்தே இருக்கின்றன. பைபாயினில் அசையின் இறுதியில் வரும் மெய்யை எழுதவே மாட்டார்கள். 'புந்தோக்' (மலை) என்பதைப் 'புதோ' என்று எழுதி, வாசிப்பவர் நிரப்பிக்கொள்வார். 1620-இல் பிரான்சிஸ்கோ லோப்பெஸ் என்ற பாதிரியார் உயிரை நீக்கச் சிறிய சிலுவைக்குறி ஒன்றைச் சேர்த்தார். நம் புள்ளி செய்கிற அதே வேலை. ஆனால் அங்கிருந்தவர்கள் அதை அவ்வளவாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் படி: ஒரு வேரை எடுத்து முழுக் குடும்பத்தையும் எழுதிப் பாருங்கள்

இரண்டு மொழிகளிலும் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. வேரைப் பிடிக்க வேண்டும். 'எழுது' என்பதையே எடுத்துக்கொள்வோம்.

எபிரேயத்தில் க-த-வ என்ற மூன்று மெய் மட்டும்தான் வேர். அதை அப்படியே உச்சரிக்க முடியாது. உயிர்களைப் பெய்தால்தான் சொல்லாகும். கதாவ் (எழுதினான்), கோதேவ் (எழுதுகிறான்), யிஃக்தோவ் (எழுதுவான்), நிஃக்தாவ் (எழுதப்பட்டது), ஹிஃக்தீவ் (சொல்லச்சொல்ல எழுதவைத்தான்), ஹித்கதேவ் (கடிதத் தொடர்பு வைத்திருந்தான்), மிஃக்தாவ் (கடிதம்), க்தோவெத் (முகவரி). யூதத் திருமண ஒப்பந்தம் கெதூபா. க சில இடங்களில் ஃக ஆகிறது, கடைசி மெய் கெதூபாவில் மட்டும் பகரமாக ஒலிக்கிறது. ஆனால் எழுத்தில் அதே மூன்று எழுத்துதான் நிற்கும். வினைகளுக்கு ஏழு வார்ப்புகள், அவற்றை 'பின்யான்' என்பார்கள். முதல் மாதத்தில் 'பாஅல்' என்ற எளிய வார்ப்பு ஒன்று போதும். ஏழையும் ஒரே அட்டவணையில் போட்டுக்கொண்டு உட்காருபவர்கள் பெரும்பாலும் அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள்.

ஃபிலிப்பினோவில் வேரே ஒரு முழுச்சொல். 'சூலாத்' என்றாலே கடிதம். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடுவிலும் ஒட்டு சேரும். சுமூலாத் (எழுதினான் அல்லது எழுதினாள்) என்பதில் 'உம்' நடுவே நுழைந்திருக்கிறது. சுமுசூலாத் என்றால் எழுதிக்கொண்டிருக்கிறான். முதலசை இரட்டித்ததால் செயல் இன்னும் முடியவில்லை என்று பொருள். சுசூலாத் என்றால் இனிமேல்தான் எழுதுவான். மனுனூலாத் எழுத்தாளர், பனூலாத் பேனா, கசுலாத்தான் ஆவணம். இறந்தகாலம் நிகழ்காலம் என்று பிரிக்காமல் முடிந்தது, நடப்பது, தொடங்காதது என்று பிரிப்பதாக எண்ணிக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் வாலில்தான் ஒட்டுகிறோம். எழுது, எழுதினேன், எழுத்து, எழுத்தாளர். அதனால் சொல்லின் முன்பக்கத்தைப் பார்த்து அகராதி தேடும் பழக்கம் நமக்கு ஆழமாக இருக்கும். இரண்டு மொழியிலும் இந்தப் பழக்கம் காலை வாரும். எபிரேய 'மிஃக்தாவை' மகரத்தில் தேடினால் கடிதம் கிடைக்கலாம், குடும்பம் கிடைக்காது; 'சுமுசூலாத்' அகராதியில் தனியாக இருக்காமலே போகலாம். முதல் வாரங்களில் ஒவ்வொரு புதுச்சொல்லையும் உரித்து வேரைக் கோடிட்டுக் காட்டுங்கள். எபிரேய வினைகளுக்கு 'பேஅலிம்' என்ற இணையதளம் எல்லா வடிவங்களையும் உயிர்க்குறியோடு தருகிறது.

ஆறாம் படி: முதல் வாக்கியங்கள்

நல்ல செய்தி. 'நான் டாக்டர்' என்று சொல்ல எபிரேயத்திலும் ஃபிலிப்பினோவிலும் தமிழைப் போலவே இடையில் எந்த வினையும் வேண்டாம். 'அனி ரோஃபே' என்றால் நான் டாக்டர். ஃபிலிப்பினோவில் வரிசை மாறி 'தொக்தோர் அக்கோ', டாக்டர் நான். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதற்கும் எபிரேயத்தில் 'யேஷ் லி சேஃபெர்', அதாவது உண்டு எனக்குப் புத்தகம். ஃபிலிப்பினோவில் 'மாய் லிப்ரோ அக்கோ'. இல்லை என்பதற்கு எபிரேயத்தில் 'ஏன்', ஃபிலிப்பினோவில் 'வலா'. இந்த நான்கு சொற்களோடு முதல் நாளே கடைக்குப் போகலாம்.

அடுத்து, பலரும் பயப்படும் இடம். தமிழில் 'புத்தகம் படித்தேன்' என்பதும் 'புத்தகத்தைப் படித்தேன்' என்பதும் ஒன்றில்லை. முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது நம் இருவருக்கும் தெரிந்த புத்தகம். நாம் யோசிக்காமல் செய்கிற இந்த வேறுபாடு மற்ற இரண்டிலும் அப்படியே இருக்கிறது. எபிரேயத்தில் 'காராதி சேஃபெர்', 'காராதி எத் ஹசேஃபெர்'. குறிப்பிட்ட புத்தகம் என்றால் முன்னால் 'ஹ' சேரும், அதற்கும் முன்னால் 'எத்' என்று தனிச்சொல் வரும். ஃபிலிப்பினோவில் 'நக்பாசா அக்கோ நங் லிப்ரோ', 'பினாசா கோ அங் லிப்ரோ'. இங்கே புத்தகம் குறிப்பிட்டதானதும் வினையே உருமாறிவிட்டது, 'நான்' என்ற சொல்லும் உருமாறிவிட்டது. தமிழ் பெயரின் வாலை மாற்றுகிறது, எபிரேயம் பெயருக்கு முன்னால் சொல் வைக்கிறது, ஃபிலிப்பினோ வாக்கியத்தையே திருப்பிவைக்கிறது.

ஃபிலிப்பினோ இலக்கணத்தில் 'குவியம்' என்று பெரிய அத்தியாயமே போடுவார்கள். செய்பவர், செய்யப்படுவது, இடம், யாருக்காக, எதைக்கொண்டு என்று வினை மாறிக்கொண்டே போகும். முதலில் இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் பத்துப் பொருள்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள். 'அங்' எதன் முன்னால் நிற்கிறதோ அதைப் பற்றித்தான் வாக்கியம் பேசுகிறது. மற்ற குவியங்கள் மூன்றாம் மாதத்துக்கு.

ஏழாம் படி: யாரிடம் பேசுகிறீர்கள்?

எபிரேயத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பாலோ பெண்பாலோ உண்டு. மேசை ஆண், கதவு பெண், நகரம் பெண். நமக்கு உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால் என்பதால் இது எரிச்சலாக இருக்கும். அதைவிட முக்கியம், பேசுகிறவரின் பாலும் நிகழ்கால வினையில் தெரிய வேண்டும். ஆண் 'அனி கோதேவ்' என்பார், பெண் 'அனி கோதேவெத்' என்பார். ஒலிப்பதிவில் ஆண்குரல் சொல்வதைப் பெண்கள் அப்படியே திருப்பிச் சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவருக்கும் அப்படித்தான். தாத்தாவிடம் உட்காருங்கள் என்று சொல்ல 'ஷேவ்', பாட்டியிடம் 'ஷ்வி'.

ஃபிலிப்பினோவில் 'சியா' என்றால் அவன், அவள் இரண்டும். அசாவா என்றால் கணவனோ மனைவியோ, கபத்தித் என்றால் உடன்பிறந்தவர். ஆனால் மரியாதையில் தமிழுக்கு ஈடு கொடுக்கும். பெரியவரிடம் பேசும்போது வாக்கியத்தில் 'போ' சேர்க்க வேண்டும், 'சலாமத் போ'. நாம் 'நீங்கள்' என்பது போல ஒருவரையே பன்மையில் 'கயோ' என்பார்கள். கொஞ்சம் மூத்த அந்நியரைக்கூட 'கூயா' (அண்ணா), 'ஆத்தே' (அக்கா) என்றுதான் கூப்பிடுவது. ஓட்டுநரும் கூயாதான். நாம், நாங்கள் வேறுபாடும் உண்டு: தாயோ, கமி. ஆங்கிலப் பாடநூல் இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் தரும். நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

எபிரேயத்தில் இந்த மரியாதைப் பன்மை கிடையாது. பேராசிரியரிடமும் பக்கத்து வீட்டுப் பையனிடமும் 'அத்தா' (நீ) ஒன்றுதான், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மணிலாவிலிருந்து போகிறவருக்கும் மதுரையிலிருந்து போகிறவருக்கும் வாய் கூசும் இடம் இது. அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிலுக்கு நீங்களும் அப்படியே பேசுங்கள்.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எபிரேய எண்களுக்கும் பால் உண்டு, அதுவும் தலைகீழாக: மூன்று பெண்கள் 'ஷலோஷ் பனோத்', மூன்று ஆண்கள் 'ஷ்லோஷா பனிம்'. பெண்பால் போல ஒலிப்பது ஆணுக்கு. ஃபிலிப்பினோவில் பால் இல்லை. ஆனால் 1565 முதல் 1898 வரையிலான ஸ்பானிய ஆட்சி காரணமாக மணியும் விலையும் ஸ்பானிய எண்ணில் வரும். இசா, தலவா, தத்லோ என்று எண்ணக் கற்றுக்கொண்டு சந்தைக்குப் போனால் விற்பவர் 'பெய்ந்தே' (இருபது) என்பார். இரண்டு வரிசையும் தெரிந்திருக்க வேண்டும்.

எதை எடுப்பது?

என்னைக் கேட்டால், சீக்கிரம் வாய்விட்டுப் பேசிப் பார்க்க வேண்டும் என்பவருக்கு ஃபிலிப்பினோ. பேச ஆள் எளிதில் கிடைப்பார்கள், ஆங்கிலம் கலந்து பேசினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள். அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. நீங்கள் தடுமாறியதும் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். 'டகாலோகிலேயே பேசுங்கள்' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தனியே உட்கார்ந்து எழுத்தையும் வேரையும் துருவுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கு எபிரேயம். முதல் இரண்டு மாதம் மெதுவாக நகரும், வேர்கள் நூறு சேர்ந்தபின் வேகம் பிடிக்கும். நேரில் படிக்க வாய்ப்புள்ளவர்கள் இஸ்ரேலின் 'உல்பான்' வகுப்புகளை விசாரிக்கலாம். குடியேறி வந்தவர்களுக்காக 1949-இல் எருசலேமில் தொடங்கிய முறை அது, முதல் நாளிலிருந்தே எபிரேயத்திலேயே நடத்துவார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு கடைசிப் பயிற்சி. பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டின் பக்கங்களில் பைபாயின் எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. நீதிமொழிகள் 14:34, தமிழ் வேதாகமத்தில் 'நீதி ஜனத்தை உயர்த்தும்'. மூலம் எபிரேயம் என்பதால் ஒரே வரியை இரண்டு மொழியிலும் வைத்துப் பார்க்க வசதி.

எபிரேயத்தில் மூன்றே சொல்: 'ஸ்தாகா தெரோமெம் கோய்'. முதல் சொல்லின் வேர் ஸ-த-க. இன்றைய பேச்சில் அதே சொல் தருமம், நன்கொடை என்ற பொருளில் வரும். அது பெண்பால் என்பதால் வினையின் முன்னால் 'தெ' சேர்ந்திருக்கிறது. 'கோய்' ஏதோ ஒரு மக்கள் என்பதால் 'எத்'தும் இல்லை, 'ஹ'வும் இல்லை.

ஃபிலிப்பினோவில் ஏழு சொல்: 'அங் கதுவீரான் ஐ நக்பபதகீலா சா இசாங் பாயான்'. 'அங்' வந்துவிட்டது, வாக்கியம் நீதியைப் பற்றியது. கதுவீரானை உரித்தால் உள்ளே 'துவித்', நேரானது. நக்பபதகீலாவுக்குள் 'தகீலா', உயர்ந்தது. நடுவில் 'ப' இரட்டித்திருப்பதால் செயல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 'இசா' என்ற ஒன்றோடு 'ங்' ஒட்டி அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் எழுதி, வேர்களைக் கோடிட்டு, நான்கைந்து முறை சத்தமாகப் படியுங்கள். எதை உரிக்கும்போது உங்களுக்கு இன்னும் இரண்டு வாக்கியம் உரிக்கலாம் என்று தோன்றுகிறதோ, அந்த மொழியின் பாடநூலை வாங்குங்கள்.